துறைமுகம் மாறலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்

நீலகிரியில் கப்பல் சுற்றுலா விற்கும் பயண முகவர்களுக்கு,

வணக்கம்.

ஊட்டி சேரிங் கிராஸிலும் குன்னூர் பெட்போர்டிலும் கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்திலும் உங்கள் அலுவலகக் கண்ணாடிகளில் முன்பெல்லாம் காசி, ராமேசுவரம், கேரளப் படகு வீடு என்றுதான் படங்கள் ஒட்டியிருக்கும். இப்போது வெள்ளைக் கப்பலும் சேர்ந்துவிட்டது. நல்ல விஷயம்தான். அரவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பி வைக்கும் பெற்றோர்கள் என்று எல்லாரும் உங்களிடம் வருகிறார்கள். கடலைப் பார்க்கவே மலையிறங்கி ஒரு நாள் பயணம் போக வேண்டிய எங்களுக்கு, நாலைந்து நாள் கடலின் மேலேயே இருந்துவிட்டு வருவது பெரிய ஆசை. அதை நிறைவேற்றித் தருகிறீர்கள் என்பதில் எங்களுக்கு நன்றி உண்டு.

அந்த நன்றியோடு இரண்டு கோரிக்கைகள். முன்பணம் வாங்குவதற்கு முன், இந்தத் தாளில் போட்டிருக்கும் எந்தத் துறைமுகமும் மாறலாம், விட்டும் போகலாம் என்று எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாறிவிட்டது என்று உங்களுக்குத் தெரிய வந்தால், தெரிந்த அன்றே எங்களுக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுக்கும் வழவழப்பான தாளில் துறைமுகங்களின் படங்கள்தான் பெரிதாக இருக்கின்றன. பணம் கட்டிய பிறகு வரும் பயண ஒப்பந்தமோ வேறு மாதிரி பேசுகிறது. வானிலை, பாதுகாப்பு, இயந்திரக் கோளாறு, துறைமுகத்தில் இடமில்லாமை, பயணி ஒருவரின் உடல்நிலை என்று எதை முன்னிட்டும் கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுவிடலாம், வேறொன்றைச் சேர்க்கலாம், நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். அதற்காக இழப்பீடு கேட்க முடியாது. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. அதாவது, கம்பெனி எங்களுக்கு விற்பது கப்பலில் ஒரு அறையும் சாப்பாடும் கடல் பயணமும். நீங்கள் எங்களுக்கு விற்பது துறைமுகம். நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள்.

கப்பலின் கேப்டன் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை, பாதுகாப்பு சம்பந்தமான முடிவை எடுப்பதில் கேப்டனைக் கப்பல் முதலாளிகூடத் தடுக்கக் கூடாது என்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து மாடி உயரத்துக்கு நிற்கும் கப்பலின் பக்கவாட்டில் பலத்த காற்று அடித்தால், குறுகிய துறைமுகத்துக்குள் அதைத் திருப்பிக் கட்டுவது ஆபத்து. சில ஊர்களில் பெரிய கப்பலைக் கட்ட மேடையே கிடையாது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் கப்பல் தள்ளி நிற்கும், பயணிகளைச் சிறு படகுகளில்தான் கரைக்குக் கொண்டு போவார்கள். கோடையில் அங்கே வீசும் வடகாற்று வலுத்தால் படகு இறக்க முடியாது. அன்றைக்குச் சாந்தோரினி கிடையாது. எங்கள் பக்கமே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால், சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களையே வெளியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதே மழைதான் இங்கே குன்னூர் சாலையில் மண்சரிவைக் கொண்டு வருகிறது. மழையும் காற்றும் யார் சொல்லியும் கேட்காது என்பதை மலையில் இருக்கும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வானிலை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. போரும் அரசியலும் துறைமுகங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகின்றன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் பால்டிக் கடல் பயணங்களிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நீங்கியது. 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலின் ஹைஃபாவும் அஷ்தோதும் நீங்கின. அதே ஆண்டு இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், சூயஸ் வழியாக வர வேண்டிய கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. வழியில் இறங்குவதாக இருந்த ஊர்கள் மொத்தமாகப் போய்விட்டன. வெனிஸில் 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் நகரத்துக்குள் இருக்கும் கால்வாய் வழியே வர முடியாது. அதற்குப் பிறகும் சில பயணத் தாள்களில் வெனிஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உண்மையில் கப்பல் நிற்பது நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ராவென்னாவில் என்று ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஓரத்து எழுத்தைப் படித்துச் சொல்வதற்குத்தானே நாங்கள் உங்களிடம் வருகிறோம்?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வருவதாக இருந்தது. அங்கே எதிர்ப்பு எழுந்து, அனுமதி கிடைக்காமல், பயணிகளை இறக்காமலேயே திரும்பியது. கண்ணெதிரே கரை இருந்தும் இறங்க முடியாத நிலை நம் வீட்டு வாசலிலேயே வந்திருக்கிறது.

இனி, எங்கள் கோத்தகிரிக் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, பழி சொல்வது என் நோக்கம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். குழுவில் பெரும்பாலானவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவருடைய தம்பி இளவயதில் பினாங்கு போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். இப்போது முழங்கால் விழுந்து, விமானம் ஏறி வர முடியாத நிலை. பெரியம்மாவுக்கும் வயதாகிவிட்டது. கப்பல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் ஒரு பகல் முழுக்க நிற்கும் என்று கேட்டதும்தான் இவர் வருகிறேன் என்றார். ஊறுகாய், வர்க்கி, வறுத்த காபிக்கொட்டை, தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர் என்று பெட்டியில் பாதி அதுதான்.

கப்பலில் ஏறிய அன்று மாலை, அறைக் கதவில் ஒரு தாள் செருகியிருந்தது. ஏற்கெனவே தெரிவித்தபடி பினாங்குக்குப் பதிலாகக் கப்பல் கோலாலம்பூர் பக்கம் இருக்கும் போர்ட் கிள்ளானில் நிற்கும் என்று அதில் இருந்தது. ‘ஏற்கெனவே தெரிவித்தபடி.’ எங்களில் யாருக்கும் தெரியாது. விசாரித்தால், ஒரு வாரத்துக்கும் முன்பே கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் போயிருக்கிறது. போனது முகவருக்கு. அவர் சீசன் கூட்டத்தில் அதைத் திறந்து பார்த்தாரா, பார்த்துவிட்டு நாம் ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. தொலைபேசியில் பிடித்தபோது, “கப்பல்காரன் மாத்திட்டாம்மா, நாங்க என்ன பண்றது?” என்றார்.

பெரியம்மா கோபப்படவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா அவனை அங்க வரச் சொல்லியிருப்பேனே” என்று மட்டும் சொன்னார்.

அதுதான் விஷயம். பினாங்கிலிருந்து போர்ட் கிள்ளானுக்கு நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது, நாலைந்து மணி நேரக் கார் பயணம். ஒரு வாரம் முன்பு தெரிந்திருந்தால் தம்பி மகன் லீவு போட்டு, அப்பாவைக் காரில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருப்பார். முதல் நாள் இரவு சொன்னபோது அவரால் முடியவில்லை. ஸ்வெட்டர் மலைக்கே திரும்பி வந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மாற்றத்தால் குழுவில் மற்றவர்களுக்குப் பத்துமலை முருகன் கிடைத்தார். 272 படிகள் ஏறி, நூற்று நாற்பது அடி உயரச் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்து, பினாங்கை விட இதுவே நல்லது என்று சந்தோஷமாக வந்தார்கள். துறைமுகம் மாறுவது எல்லாருக்கும் நஷ்டமில்லை. யாருக்கு நஷ்டம் என்பது அவரவர் எதற்காகக் கிளம்பினார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பணம் வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை பேர்?” என்பதாக இருக்கக் கூடாது. “இதில் எந்த ஊருக்காகப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். “சும்மா கப்பலில் போகணும்” என்றால் தாராளமாகப் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு ஊரைச் சொல்லி, அங்கே ஒரு ஆளையோ ஒரு கோயிலையோ சொன்னால், கொஞ்சம் நிதானியுங்கள்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கிறார்கள். டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உருவானவை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு சொகுசுக் கப்பல் விட்டபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற பெயர்களைப் பார்த்து இந்த வீடுகளில் எத்தனை பேருக்கு நெஞ்சு அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்பாந்தோட்டையில் இறங்கினால் ஒரு வண்டி பிடித்து ஊவா மலைப் பக்கம் மேலே போய், பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடும் பெரியவர் ஒருவர் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து அவருக்குக் கப்பல் டிக்கெட் விற்காதீர்கள். கொழும்புக்கு விமானத்தில் போய், அங்கிருந்து சாலையில் மலையேறி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி வருவதுதான் அவருக்கு ஏற்ற பயணம். யாழ்ப்பாணப் பக்கம் என்றால் 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகுச் சேவை ஓடுகிறதா என்று அந்தச் சமயத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். உங்களுக்குக் கமிஷன் குறையும். ஆனால் அந்தப் பெரியவருக்கு அந்த ஊரைப் பார்க்க இன்னொரு வாய்ப்பு கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.

“இதெல்லாம் சொன்னால் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள்” என்று நீங்கள் நினைக்கலாம். நான் நம்பவில்லை. ஏனென்றால் மேலே வருகிற பயணிகளிடம் நீங்கள் இதைத்தான் தினமும் செய்கிறீர்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் இ-பாஸ் எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். மைசூர் போகிறவர்களிடம் பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு என்று சொல்கிறீர்கள். மண்சரிவு விழுந்தால் மேட்டுப்பாளையம் மலை ரயில் நிற்கும், அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது என்று மழைக்காலத்தில் முன்பே சொல்லி வைக்கிறீர்கள். அதனால் யாரும் ஊட்டிக்கு வராமல் போகவில்லை. வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அந்த நேர்மை, இங்கிருந்து போகிற எங்களுக்கும் கிடைக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். துறைமுகம் விட்டுப்போனால், அந்தத் துறைமுகத்துக்காக வாங்கிய வரியும் கட்டணமும் பெரும்பாலும் திரும்ப வரும், அதுவும் பல சமயம் கப்பலுக்குள் செலவு செய்யும் வரவாகத்தான் வரும். கப்பல் கம்பெனியிடமே பதிவு செய்த கரைச் சுற்றுலா ரத்தானால் அந்தப் பணமும் வந்துவிடும். பயணக் கட்டணம் குறையாது. பெரும்பாலும் பணம் போவது நீங்கள் வெளியில் ஏற்பாடு செய்து தரும் வேனுக்கும் வழிகாட்டிக்கும். எங்கள் பெரியம்மாவின் பினாங்கு வேனுக்குக் கொடுத்த முன்பணம் அப்படியே போனது. கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று எழுதித் தரும் உள்ளூர் வேன்காரர்கள் துறைமுக ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் பதிவு செய்யுங்கள். பயணக் காப்பீட்டில், துறைமுகம் தவறினால் ஒரு தொகை என்ற பிரிவு சில பாலிசிகளில் உண்டு, பலவற்றில் இல்லை. விலை குறைந்ததை ஒட்டிக் கொடுக்காமல், அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். புயலோ போரோ செய்தியில் வந்த பிறகு எடுக்கும் பாலிசி அந்தப் புயலுக்கும் போருக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விசா விஷயத்தில் மேலைநாட்டுப் பயணியை விட நம் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சிரமம் அதிகம். கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பல் ஒரு தீவை விட்டுவிட்டு வேறு நாட்டில் நின்றால், அந்த நாட்டு விசா இல்லாத நாங்கள் இறங்க முடியாமல் போகலாம். அப்போது மேல்தளத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போய்த் திரும்பினால் ஒருமுறை நுழைவு விசா செல்லாததாகிவிடும். அதனால் எப்போதும் பலமுறை நுழைவு விசாவுக்கே விண்ணப்பியுங்கள். கப்பல் ஏறும் ஊரே மாறிப்போகும் சம்பவங்களும் உண்டு. ஆகவே கப்பல் கிளம்பும் நாளன்று காலை போய் இறங்கும்படி விமானம் போடாதீர்கள். கோத்தகிரியிலிருந்து கோவை விமான நிலையம் போவதற்கே மழைக்காலத்தில் உத்தரவாதம் கிடையாது. ஒரு நாள் முன்பே போகும்படி போடுங்கள், அறை வாடகையை நாங்கள் கொடுக்கிறோம்.

இன்னொன்று சிறியதாகத் தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியம். முன்பதிவுப் படிவத்தில் பயணியின் தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையும், மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் உங்கள் மின்னஞ்சலையும் போடுகிறீர்கள். வாடிக்கையாளர் அடுத்த முறை நேரடியாகப் பதிவு செய்துவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம், அது புரிகிறது. ஆனால் கம்பெனி அனுப்பும் அறிவிப்பு எங்களுக்கு வராமல் போவது இதனால்தான். எங்கள் எண்ணையும் போடுங்கள். மின்னஞ்சல் இல்லாத பெரியவர்கள் என்றால் மகனுடையதையோ மருமகளுடையதையோ கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் செயலியை அவர்கள் கைபேசியில் ஏற்றிக் கொடுங்கள்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு எது என்று விளக்கும் இடத்தில், வாடிக்கையாளருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்துக்கொள்வதையும் சேர்த்திருக்கிறது. புகாரை அவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. காற்றடித்துத் துறைமுகம் போனதற்கு உங்கள் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கையில் வந்த மின்னஞ்சலை ஒரு வாரம் வைத்திருந்தது வேறு விஷயம்.

ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பல பக்கம் இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். துறைமுகம் மாறினால் என்ன ஆகும், எது திரும்ப வரும், எது வராது, யார் யாருக்கு எப்போது சொல்வார்கள் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, பணம் வாங்குவதற்கு முன் கையில் கொடுங்கள். அந்தப் பக்கத்தை எழுத ஆள் வேண்டும் என்றால் எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். காசு வேண்டாம். உங்கள் கம்பெனியின் ஒப்பந்தப் பிரதியை மட்டும் கொடுங்கள், நாங்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்